காக்கா இடித்த கார்

போன வருடம் மழை ஓய்ந்து, தசரா நெருங்கிக்கொண்டிருந்த சமயம். புனேயில் விஷ்ராந்த்வாடி பக்கம் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில் நாங்கள் இருக்கிறோம். கணவர் சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் இன்ஜினீயர். கம்பெனி பஸ்ஸில் போய் வருவதால், ஊருக்கெல்லாம் கார் செய்து கொடுப்பவரின் சொந்தக் கார் வாரம் முழுக்கக் கீழே சும்மாதான் நிற்கும். மகளைப் பள்ளியில் விட நான் எடுத்தால்தான் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மகளோடு கீழே இறங்கினால், காரின் பின்கதவு உள்ளே போயிருக்கிறது. பின்விளக்கு உடைந்து சிவப்புச் சில்லெல்லாம் தரையில் கிடக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு கீறல் விழாமல் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி! இடித்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத் தெரியாதா என்று அங்கேயே நின்று தமிழில் திட்டித் தீர்த்தேன். புனேயில் அது ஒரு வசதி, யாருக்கும் புரியாது.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கணவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்போது முதல் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் பெரிய சாட்சி போல முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, நான் நேத்து பாத்தேன். காக்கா வந்துச்சு. டம்முனு இடிச்சுச்சு. போயிருச்சு."

"காக்கா லைசென்ஸ் வச்சிருந்துச்சா பாப்பா?" என்று அவர் கேட்க, நான் சிரிக்க, அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நெஜமாத்தான்!" என்று காலை உதைத்தாள். பானெட்டில் காக்கா எச்சம் வேறு இருந்தது. அதைப் பார்த்து இருவரும் இன்னும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு சிரிப்பு போய்ச் சண்டை வந்தது. இன்ஷூரன்ஸில் கிளெய்ம் பண்ணுவதா, கைக்காசைப் போட்டுச் சரிசெய்வதா? இத்தனை வருஷமாக ஒரு கிளெய்மும் பண்ணாததால் எங்களுக்குப் பிரீமியத்தில் நல்ல தள்ளுபடி சேர்ந்திருந்தது. நோ கிளெய்ம் போனஸ் என்பார்கள். ஒரு தடவை கேட்டுவிட்டால் அது மொத்தமும் போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காரேஜில் சொன்ன செலவோ பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. நடுவாந்தரமாக நின்று உயிரை வாங்கியது.

"இப்ப வாங்குனா அடுத்த நாலு வருஷத்துக்குப் பிரீமியம் ஏறிரும்மா."

"பின்ன எதுக்குங்க பிரீமியம் கட்டுறோம்? சாமி படத்துக்கு முன்னாடி வச்சுக் கும்பிடவா?"

அவர் லேப்டாப்பை எடுத்து எக்ஸெலில் கணக்குப் போட்டார். டீ குடிப்பதற்கு முன்னால் போட்டால் வேண்டாம் என்று வந்தது, குடித்த பிறகு போட்டால் பண்ணலாம் என்று வந்தது. கடைசியில் என் நச்சரிப்புத் தாங்காமல் இன்ஷூரன்ஸுக்கு போன் பண்ணினார். போனை எடுத்த பெண் விபத்து எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறாள். இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னன்னு சொல்ல? காக்கா இடிச்சிருச்சுன்னா?" என்றார் பாவமாக. திங்கட்கிழமை ஆள் வந்து பார்ப்பார், வேண்டாமென்றால் அதற்குள் சொல்லிவிடுங்கள் என்று முடித்தார்கள்.

இதற்கு நடுவில் ஒரு நல்ல விஷயமும் நடந்துகொண்டிருந்தது. தரைத்தளத்தில் ரிட்டயரான ஒரு மராத்திய தம்பதி. பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். அவர்கள் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை ஒரு டப்பா சக்லி வந்தது, நம் முறுக்கு மாதிரி. சனிக்கிழமை நெய் மணக்கச் சுடச்சுடப் போளி. ஞாயிறு காலை ஸ்ரீகண்ட், ஏலக்காய் போட்ட தயிர் இனிப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் நாம பழகுற விதத்துல இருக்கு" என்று கணவரிடம் பீற்றிக்கொண்டு, பதிலுக்கு ஊரிலிருந்து வந்த சாம்பார் பொடியில் பாதியைக் கொடுத்தனுப்பினேன்.

அன்று மதியம், வரப்போகும் ஆளுக்குக் காட்டுவதற்காகக் கீழே நின்று நசுங்கலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வந்த வாட்ச்மேன், யார் இடித்தது என்று மகளிடம் மராத்தியில் கேட்டார். அவள் பளிச்சென்று மராத்தியிலேயே பதில் சொன்னாள்.

"காகாங்னி டோக்லி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. வயதில் மூத்த ஆண் யாராக இருந்தாலும் இங்கே காகாதான். எங்கள் மகள் புனேயில் பிறந்தவள். அவள் தமிழில் மனிதருக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் கிடையாது. 'அப்பா ஆபீஸ் போச்சு' என்றுதான் சொல்வாள். மராத்தியில் மட்டும் மரியாதை அட்சரம் பிசகாது. 'காகா இடித்தார்' என்று மரியாதையோடு வந்த அந்த 'காகாங்னி'யில் சத்தியமாக இறக்கை இல்லை, ஒரு பெரிய மனிதர் இருந்தார்.

"எந்தக் காகாடி?" என்றேன். அவள் தரைத்தள வீட்டைக் கை காட்டினாள்.

சக்லி, போளி, ஸ்ரீகண்ட் எல்லாம் எதற்கு என்று ஒரே நொடியில் விளங்கிவிட்டது. என் சாம்பார் பொடி வேறு போச்சு! மகளை இழுத்துக்கொண்டு போய் பெல்லை அழுத்தினேன்.

கதவைத் திறந்த காகா என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "வா பேட்டா. நீ எப்ப வருவேன்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார் இந்தியில். இப்படிச் சொல்கிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

உட்காரவைத்துச் சொன்னார். அவர் மனைவி, இங்கத்து வழக்கப்படி காகு, வியாழக்கிழமை தோறும் ஆளந்தி ரோட்டில் ஒரு கோயிலில் பஜனை பாடுகிறவர். முட்டி வலியால் ஆட்டோவில் ஏற முடியாது, கார்தான் கதி. அன்றும் அதற்குத்தான் கிளம்பி, அவசரத்தில் காகா ரிவர்ஸ் எடுத்திருக்கிறார். புனேயிலேயே ஔந்த் பக்கம் இருக்கும் மகன், இன்னொரு தடவை எங்காவது இடித்தால் வண்டியை விற்றுவிடுவேன் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறானாம்.

"செலவு முழுக்க நான் தர்றேன். இன்ஷூரன்ஸ்ல என் பேர் மட்டும் வேண்டாம். பையனுக்குத் தெரிஞ்சா இவளோட வியாழக்கிழமை போயிடும்."

சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த காகு, "நான் அன்னிக்கே போய்ச் சொல்லுங்கன்னேன்" என்றார். "இவர் போகல. என் டப்பாதான் போச்சு. நாளைக்கு அனுப்ப வீட்டுல பலகாரமும் இல்ல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபமெல்லாம் போய்விட்டது. கிளெய்மும் வேண்டாம், எங்கள் போனஸும் பிழைத்தது, காகுவின் பஜனையும் பிழைத்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மகள், கையில் கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு சக்லியோடு, மராத்தியில் சொன்னாள்.

"காகா, நான் பால்கனியிலிருந்து கத்தினேன். தாம்பா காகா, தாம்பான்னு. உங்களுக்குக் கேக்கவே இல்ல."

தாம்பா என்றால் நில்லுங்கள்.

"எத்தன தடவ கத்தினே?" என்று காகா கேட்டார்.

"நிறைய."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் அந்த பார்க்கிங்கில்தான் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். அன்று காருக்குப் பின்னால் ஒரு பிள்ளை ஓடி வந்திருந்தால்? இத்தனை நாளும் நசுங்கின கதவைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவே இல்லை.

காகா எழுந்து போய், கதவோரம் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து மனைவியின் கையில் வைத்தார். எங்கள் முன்னாலேயே மகனுக்கு போன் போட்டார். "நான் ஒரு காரை இடிச்சுட்டேன். வந்து வண்டிய எடுத்துட்டுப் போ. இனிமே நான் ஓட்டல" என்றார். காகு அந்தச் சாவியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். சண்டை போடப் போன எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. "வியாழக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன் காகு" என்று என் ஓட்டை இந்தியில் உளறினேன். யோசித்துச் சொன்னதல்ல, ஆனால் சொன்னதில் இன்றுவரை வருத்தமில்லை.

மறுநாள் கிளெய்ம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். காகா பிடிவாதமாகத் தன் செலவில் கதவைச் சரிசெய்து கொடுத்தார். "நான் அப்பவே வேணாம்னேன்ல" என்று கணவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

இப்போது வியாழக்கிழமைகளில் எங்கள் காரில் முன் சீட்டில் காகு, பின்னால் காகாவும் என் மகளும். காகு அன்று பாடப்போகும் பாட்டை முணுமுணுத்துப் பார்ப்பார். காகா பின்னாலிருந்து "லெஃப்ட் எடு, ஹாரன் அடி" என்று உத்தரவு போட்டுக் காகுவிடம் திட்டு வாங்குவார். ஆனால் ரிவர்ஸ் என்று வந்துவிட்டால் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார். இறங்கிப் போய்ப் பின்னால் நின்று, சுற்றிலும் ஒரு தடவை பார்த்து, பால்கனிகளையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வா வா என்று கையை அசைப்பார். கண்ணாடியில் அவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், எனக்கும் ஒருநாள் காது மந்தமாகும், அன்றைக்கு யாரும் கேட்காமலேயே சாவியை எடுத்து நீட்டும் மனசு எனக்கும் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.