நாலாயிரத்து ஒன்றாவது இழை

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை இது. ஜலகண்டாபுரத்தில் ஒரு பட்டுத் தறிக்கூடத்தில் டிசைன் கணக்குப் பார்ப்பது என் வேலை. கல்யாணப் பெண் மலரும் அவள் தாய்மாமனும் எடப்பாடிப் பக்கத்திலிருந்து முகூர்த்தச் சேலை சொல்ல வந்திருந்தார்கள். சின்னக் கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பூ. சும்மா இருக்காமல், "கரை போக, உடலுக்கு மட்டும் நாலாயிரம் இழைங்க" என்று அளந்துவிட்டேன்.

மாமன் முகம் மாறியது. "ஏனுங்க அம்மிணி, மொய் வெச்சாக்கூட ஒண்ணு சேர்த்துத்தான வெக்கறோம்? பொண்ணு கட்டற சேலை சைபர்ல முடியலாமுங்களா? நாலாயிரத்தி ஒண்ணாப் போடுங்க."

ஓர் இழைதானே என்று தலையாட்டிவிட்டேன். அவர்கள் போன பிறகுதான் உறைத்தது.

நாலாயிரம் தங்கமான எண். கட்டத்துக்கு நாற்பது இழையாக நூறு கட்டம். இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு எல்லாக் கட்டத்துக்கும் ஒரே கணக்கில்தான் தூக்கும். ஒரு கட்டத்தில் மட்டும் ஓர் இழை கூட்டினால், அந்த வரிசையில் பூ முழுக்கக் கோணிவிடும். சரி, வேறு அளவில் பிரிக்கலாமென்று போனை எடுத்து மூன்றால், ஏழால், பதின்மூன்றால் வகுத்துப் பார்த்தேன். அறுபத்தொன்று வரை போயும் மீதி வந்துகொண்டே இருந்தது. அதற்கு மேல் போய்ப் பயனில்லை. பெரிய காரணி இருந்தால் அதன் சின்ன ஜோடி முன்பே சிக்கியிருக்கும். நாலாயிரத்து ஒன்று சுத்தமான பகா எண்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "சரின்னு சொன்னது நீங்க. பாவு நூலைத் தறியில ஓட்டிட்டா திருப்ப முடியாது. முகூர்த்தச் சேலை கெட்டுதுன்னா டிசைனுக்கு வேற ஆளத்தான் பார்க்கோணும்."

அந்த நேரம் பார்த்து மலர் போன் செய்தாள். மாதிரிக்கு நான் அனுப்பியிருந்த, முன்பு நெய்த சேலையின் படத்தில் குறை கண்டுபிடித்திருந்தாள். "அக்கா, இடது கரையோரம் ஜரிகைக் கோடு இருக்குதுங்க. வலது பக்கம் கடைசிக் கட்டத்துக்குக் கோடே இல்லீங்களே. பாதில உட்ட மாதிரி இருக்குது."

அவள் சொன்னது சரி. ஒவ்வொரு கட்டத்தின் முதல் இழையும் ஜரிகை. அடுத்த கட்டத்தின் ஜரிகைதான் முந்தைய கட்டத்தை மூடும். கடைசிக் கட்டத்துக்கு அடுத்த கட்டம் இல்லாததால், நாங்கள் நெய்த சேலையெல்லாம் வலது பக்கம் திறந்தே கிடந்திருக்கிறது. அதை மூட ஒரே ஓர் ஜரிகை இழை போதும்; கட்டங்களுக்கு வெளியே நிற்பதால் பூவும் கோணாது. நாலாயிரமும் ஒன்றும். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நெய்து முடித்த சேலையை வாங்க வந்த மாமன் விடவில்லை. கோடுகளை விரலால் எண்ணி நிமிர்ந்தார்.

"நூத்தியொண்ணு. கோட்டுக்கும் மொய்க் கணக்குத்தானுங்களா அம்மிணி?"

நூறு கட்டத்தை மூட நூற்றொரு கோடு வேண்டும். அதை நானே அப்போதுதான் கவனித்தேன். "ஆமாங்க, யோசிச்சுத்தான் போட்டனுங்க" என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓர் எண் எதற்கும் மசியவில்லையென்றால், ஒன்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள். கழித்த ஒன்றுக்குத் துணியிலேயே ஓர் இடம் காலியாக இருக்கலாம். இழைக் கணக்கை மட்டும் தாய்மாமன்களிடம் சொல்லிவிடாதீர்கள்.