ஜிம்மிக்கு வந்த மாலை

எங்கள் நாய் ஜிம்மி இறந்த மறுநாள் காலையில் என் மனைவி செல்வி படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கல்யாணமான புதிதில் தெருவிலிருந்து தூக்கி வந்து அவள் வளர்த்த நாய். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தாள். தட்டாஞ்சாவடியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்கு நான்தான் போன் செய்தேன். நாய் செத்ததற்கு லீவு என்றால் சிரிப்பார்களே என்று, "அவங்க பெரியப்பா தவறிட்டாரு" என்று சொல்லிவிட்டேன். செல்விக்கு இது தெரியாது.

சாயங்காலம் அவளோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள் அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார்கள். கையில் ரோஜா மாலை.

"பெரியப்பா போட்டோ எங்கம்மா?" என்று மூத்தவர் கேட்டார்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பெரியப்பா நல்லாத்தான் இருக்காருக்கா. செத்தது எங்க ஜிம்மி. நாயி."

சிரிக்கப்போகிறார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த அக்கா செல்வியின் வீங்கிய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க பொதைச்சிருக்கீங்க?" என்றார்.

தோட்டத்தில் ஈரம் காயாத மண்மேல் மாலையை வைத்தார்கள். செல்வி அக்காவின் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து ஒருமுறைகூட நான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர்கள் போனதும் செல்வி கேட்டாள்: "நான் அழுவுறத வெளிய சொல்ல உங்களுக்கு அவ்ளோ வெக்கமா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பொய்யாகத்தான் இருந்திருக்கும். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அந்த அக்கா ஜிம்மியை ஒருநாளும் பார்த்தவரில்லை. இன்றும் கடைத்தெருவில் அவரைக் கண்டால் என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.