திதியன்று மட்டும் கொத்தவரங்காய்

கோலார் தங்கவயலில், எட்டுக் குழந்தைகள் உள்ள குமாஸ்தா வீட்டில் கொத்தவரங்காயைத் தின்றே வளர்ந்தவள் வைதேகி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் வாழ்க்கைப்பட்டு வந்த மல்லேஸ்வரத்து வீட்டிலோ தினமும் பீட்ரூட், நூல்கோல், காலிஃப்ளவர். இங்கிலீஷ் காய்கறி என்றால்தான் அந்த வீட்டுக்குக் கௌரவம். வந்த புதிதில் ஒருநாள் கொத்தவரங்காய் கேட்டதற்கு, "திதிக்குப் பண்ற காயைப் போய் நல்ல நாள்ல கேக்கறயேடீ" என்று மாமியார் வாயை அடைத்துவிட்டாள்.

அதன்பிறகு மாமனார் திதிதான் வைதேகிக்குப் பண்டிகை. அன்றைக்கு இங்கிலீஷ் காய் சமையலறைக்குள் நுழையக் கூடாது. பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்தபின், கொத்தவரங்காய்க் கறியும் பிரண்டைத் துவையலும் இலையில் விழும்போது தங்கவயல் வீடே எதிரில் வந்து உட்காரும்.

இந்த வருஷம் திதி மெட்ராஸில் அண்ணா வீட்டில் என்றும், தான் மட்டும் போய்வருவதாகவும் கணவன் சுந்தரராமன் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பாவை நீ பார்த்ததுகூட இல்லையே. எதுக்கு அழறே?"

அவள் தலைப்பைத் திருகினாள். "தப்பா நினைச்சுக்காதீங்கோ. கொத்தவரங்காய்க்குத்தான்."

அவன் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. "அப்பா மேல உனக்கு எவ்வளவு பக்தின்னு ஆபீஸ் பூரா சொல்லி வெச்சிருக்கேனே."

மறுநாள் சாயங்காலம் மார்க்கெட் பையோடு வந்தான். மேலே பெரிய காலிஃப்ளவர். அதை எடுத்தால் அடியில் அத்தனையும் கொத்தவரங்காய்ப் பிஞ்சு.

"தெருவுல பார்க்கறவா, ஆத்துல யாருக்குத் திதின்னு கேப்பாளே" என்றான். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ நறுக்கு."