முப்பத்தெட்டு வருஷமா வாங்காத திட்டு

தருமனுக்கு வயசு அறுபத்தொண்ணு. கும்மிடிப்பூண்டியில ஒரு இரும்புக் கம்பெனியில வேலை பார்த்து ரிடயராகி பொன்னேரியில வீட்டோட இருக்கிற மனுஷன். ரெண்டு பொண்ணையும் கட்டிக் கொடுத்தாச்சு, உடம்புல சக்கரை கூட இல்ல. ஆனா பழவேற்காடுன்னு யாராவது பேச்செடுத்தா போதும், மெதுவா எழுந்து, நழுவறதுக்குச் செருப்பைத் தேட ஆரம்பிச்சிடுவாரு. பொறந்து வளர்ந்த குப்பம் அங்கதான். அந்தப் பக்கம் கால் வச்சு முப்பத்தெட்டு வருஷமாச்சு.

போன மாசம் பொன்னேரி ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிக்கும்போது முதுகுல ஒரு அறை விழுந்துச்சு. "டேய் தருமா! உசுரோட தான் இருக்கியா?" திரும்பினா பச்சைமுத்து. அந்தக் காலத்துல ஒரே படகுல கூட வலை இழுத்த ஆளு. பல்லு பாதி போயிருந்தாலும் வாய் மட்டும் கொறையல. போற போக்குல சொன்னாரு: "சிங்காரண்ணனுக்கு இடுப்பு போயிடுச்சிடா, படகு ஏறுறதில்ல. உன்ன கேக்காத நாளில்ல."

அன்னிக்கு ராத்திரி தருமனுக்குச் சோறு எறங்கல. சிங்காரம் அவருக்குத் தொழில் கத்துக் குடுத்தவரு. அப்பா அம்மா இல்லாத பையனைக் கூப்பிட்டு, களிமண்ணுல கழி ஊன்றது எப்படி, தண்ணி எந்தப் பக்கம் திரும்புதுன்னு காலாலயே தெரிஞ்சிக்கிறது எப்படின்னு பக்கத்துல நின்னு காட்டினவரு. அவருக்குப் போய் இப்படிப் பண்ணிட்டோமேன்னு இத்தனை வருஷமா உள்ளுக்குள்ள அரிச்சிக்கிட்டே இருந்துச்சு.

என்ன பண்ணினாருன்னு கேளுங்க. ஏரியில எறால் ஓடுற இடத்துக்குப் பாடுன்னு பேரு. அங்க நெனச்சவன் நெனச்ச நாளு வலை கட்ட முடியாது. ஊரு கூடிச் சீட்டுப் போட்டு, இந்த நாளு இந்தக் கோஷ்டின்னு மொற வச்சிருக்கும். கல்யாணமான ஆம்பளைக்குத்தான் அந்தப் பட்டியல்ல பேரு ஏறும். தருமனுக்கு அம்பிகாவைக் கட்டி ரெண்டு மாசம், பேரும் புதுசா ஏறியிருந்துச்சு. சிங்காரம் கோஷ்டிக்கு மொற வந்த அன்னிக்குப் பாத்து ஊருல ஒரு சாவு. சாவு விழுந்தா அன்னிக்கு யாரும் வலை எறக்கக் கூடாது. விடியறதுக்கு முன்னாடி செத்திருந்தா மொற மறுநாளுக்குத் தள்ளும். விடிஞ்சப்புறம்னா போனது போனதுதான். அதைப் பெரியவங்கதான் சொல்லணும். "போய்க் கேட்டுட்டு வா"ன்னு சிங்காரம் தருமனை அனுப்பினாரு.

இந்த மனுஷன் கேக்கல. அங்க இருந்த கூட்டத்துல நிக்கச் சலிச்சுக்கிட்டு, அழுகைச் சத்தம் கேட்டது வெயில் வந்தப்புறம்தானேன்னு தானே ஒரு முடிவு கட்டி, "மொற போச்சுண்ணா, பெரியவங்களே சொல்லிட்டாங்க"ன்னு வந்து நின்னாரு. பெரியவங்க சொன்னது அதுக்கு நேர்மாறு. மறுநாளு பாடு காலியாக் கிடந்துச்சு. அந்த வருஷத்துலயே எறால் அப்படிப் புரண்ட நாளு வேற இல்ல. சிங்காரத்துக்கு மத்தியானமே விஷயம் தெரிஞ்சிடுச்சு. திட்டுவாரு, அடிப்பாருன்னு தருமன் காத்திருந்தாரு. "சரி, வுடு"ன்னு மட்டும் சொல்லிட்டு அவரு போயிட்டாரு. அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியாமத்தான் மூணாம் நாளு அம்பிகாவைக் கூட்டிக்கிட்டு மாமியார் ஊரான பொன்னேரிக்கு பஸ் ஏறினாரு.

காதாரத் திட்டு வாங்கிட்டு வந்துடணும்னு முடிவு பண்ணி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோட தருமன் குப்பத்துக்குப் போனாரு. சிங்காரம் வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தாரு. எழுபத்தெட்டு வயசு, குரல் மட்டும் அதே குரல். "இன்னாடா, வழி தெரிஞ்சிதா?"

அவரு சம்சாரம் கஸ்தூரியம்மாள் தட்டு வச்சு மடவை மீன் கொழம்பு ஊத்தினாங்க. தருமன் சோத்துல கை வைக்கல.

"அண்ணா, அன்னிக்கு நான் பெரியவங்களைக் கேக்கவே இல்ல. பொய் சொன்னேன். நீ என்னை ஒரு வார்த்தை திட்டல. இப்பவாவது திட்டிடு."

சிங்காரம் கேட்டாரு: "ஒரு மொற போனதுக்கா திட்டுவாங்க? மொற போனா திரும்ப வரும்டா. நீதான் வரல."

தருமன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"வருஷா வருஷம் பட்டியல் படிக்கும்போது, தருமன் பேர அடிச்சிடலாமான்னு கேப்பாங்க. மாமியா வூட்டுக்குப் போயிருக்கான், வந்துடுவான்னு சொல்லுவேன். பன்னெண்டு வருஷம் சொன்னேன். ஊரே சிரிச்சிது. நாலு பேரு இழுக்கிற வலைய மூணு பேரு இழுத்தோம், உன் எடத்துல யாரையும் சேக்கல. அப்புறம் உன் பெரிய பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தினன்னு யாரோ வந்து சொன்னாங்க. எனக்குச் சேதி கூட இல்ல. அன்னிக்குத்தான், அடிச்சிக்குங்கய்யான்னு சொன்னேன்."

தருமன் பச்சப் புள்ளையாட்டம் அழுதாரு. தான் சுமந்தது ஒரு தப்பு, பண்ணினது வேற தப்புன்னு அறுபத்தொரு வயசுல தெரிஞ்சா எவன்தான் அழமாட்டான்?

"சோமாரி!" சிங்காரம் ஆரம்பிச்சாரு. குரல் தெருக்கோடி வரைக்கும் போச்சு. "நன்றி கெட்டவனே, கல்நெஞ்சுக்காரா, இங்க இருக்கிற பொன்னேரி, ஒரு நாளு வரத் தெரியலயாடா?" பக்கத்து வீட்டு ஜனம் எட்டிப் பாத்துச்சு.

கஸ்தூரியம்மாளுக்குப் பொறுக்கல. "வுடுய்யா, சாப்பிட வந்த மனுஷனை."

தருமன் தலையை நிமித்தாமலே சொன்னாரு: "நீ சும்மா இரு அண்ணி. அவரு திட்டட்டும்."