கொளுத்திப் பார்த்த ஒயின்

ஒயின் அசலா போலியா என்று தெரிய வேண்டுமானால் அதைக் கொளுத்திப் பார்க்க வேண்டும் என்று நான் மனதார நம்பினேன். சிரிக்க வேண்டாம். சிவகாசியில் லேபிள் அச்சடித்துப் பிழைக்கிறவன் நான். எங்கள் பக்கத்தில் எந்தச் சரக்கின் யோக்கியதையும் தீ வைத்தால்தான் வெளியே வரும். மத்தாப்பு பச்சையாக எரிகிறதா, வெளிறிப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லோடு ஏற்றச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் அச்சகத்துக்குப் பின்னால் ஒரு சிரட்டையில் ஒயினை ஊற்றி, திரியை நனைத்து, தீக்குச்சியைக் கிழித்து வைத்தேன். ‘சுர்’ என்று அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. ஊர் ஊராகத் தீப்பெட்டி அனுப்புகிற சீமையில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெட்டிக் குச்சியையும் தீர்த்த பிறகு, சந்தேகமே இல்லை, இது போலிதான், நான் ஜெயிலுக்குப் போகப் போகிறேன் என்று முடிவுக்கு வந்தேன்.

நடுவில் ஜெயில் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சாத்தூர்க்காரர் ஒருவர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், கர்நாடகத்துப் பக்கம் போய்த் திராட்சைத் தோட்டம் போட்டு, ஒயின் தயாரிக்க லைசென்சும் வாங்கியிருந்தார். நான்கு தொட்டிகளில் முதல் வருடத்துச் சரக்கு தயாராக இருந்தது. ஊர்ப் பாசத்தில் லேபிள் ஆர்டரை எனக்குக் கொடுத்தார். ‘முழுக்க முழுக்க ஷிராஸ்’ என்று தங்க எழுத்து. ஷிராஸ் என்பது திராட்சையில் ஒரு ரகம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். லேபிள் உட்காருகிறதா என்று ஒட்டிப் பார்க்க இரண்டு பாட்டிலும் அனுப்பியிருந்தார். எல்லாம் அச்சாகி, வெட்டி, கட்டுக் கட்டாக அடுக்கி வைத்த நேரத்தில் போன் வந்தது. சரக்கை வாங்குவதாக இருந்த ஹோட்டல்காரர்கள் ருசி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்களாம். இதில் மலிவான நீலத் திராட்சை வாசம் அடிக்கிறது, லேப் டெஸ்ட் எடுத்து ஷிராஸ்தான் என்று காட்டினால் வாங்குகிறோம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

“தம்பி, லேபிளை அனுப்பிராத. சாம்பிள் கேக்காங்க” என்றார் அண்ணாச்சி. “நான் ஒரு பழங்கூடக் கலக்கலலே. இது போச்சுன்னா தோட்டத்தைக் கொடுத்துட்டு ஊருக்கு வர வேண்டியதுதான்.”

அவர் தோட்டத்தை நினைத்துக் கலங்கினார். நான் என்னை நினைத்துக் கலங்கினேன். எங்கள் பக்கம் ‘ஆபீசருக வந்து சாம்பிள் எடுக்காங்க’ என்று யாராவது சொன்னாலே, டீக்கடையில் பாதி கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. சொன்னது அண்ணாச்சி என்றாலும் அதைத் தங்க எழுத்தில் அச்சடித்தவன் நான்தானே? வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அங்கன சீனி போடாத காப்பி கொடுப்பாகளான்னு கேட்டுக்கோங்க. உங்களுக்குச் சுகர் இருக்கு” என்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அண்ணனும் மதினியும் சாப்பிட வந்தார்கள். மதினி அப்போது மதுரையில் ஒரு சோதனைக் கூடத்தில் கெமிஸ்ட். அதற்கு முன்னால் சிவகாசியில் பட்டாசு மருந்தைச் சோதிக்கிற வேலையில் இருந்தவர். எதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டார். கல்யாணமாகி வந்த புதிதில், பந்தியில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பளத்தை மூக்கருகே கொண்டுபோய், “எண்ணெய் பழசு, அத்தை” என்று சொன்னவர். அம்மா மறுநாள் எண்ணெய்க் கடையை மாற்றிவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் எதற்குச் சந்தேகம் வந்தாலும் மதினி மூக்குத்தான் கோர்ட்டு. இப்போது அவர் ஹைதராபாத்தில் இருக்கிறார். போனில் பேசும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மூக்குத்தான்.

சாப்பாடு முடிந்ததும், துண்டில் சுற்றிய பாட்டிலை அவர் முன்னால் வைத்தேன்.

“என்ன கொழுந்தனாரே, விருந்து இப்பத்தான் ஆரம்பிக்குதா?”

“கேலி பண்ணாதீக மதினி. இது டூப்ளிகேட். கொளுத்திப் பாத்துட்டேன். பத்தவே இல்ல.”

மதினி என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், புரையேறி, என் வீட்டுக்காரி வந்து தலையில் தட்டும்வரை நிறுத்தவில்லை. “ஏங்க, இதுல முக்கால்வாசிக்கு மேல தண்ணி. கிணத்துக்குத் தீ வச்சுட்டு, எரியலைன்னு அழுதா என்ன செய்ய?”

அண்ணாச்சி கதையை நான் சொல்லி முடித்த பிறகு பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். சிரிப்பு நின்றது. மறுபடி முகர்ந்தார். “சின்னப் பிள்ளைக திங்கிற திராட்சை மிட்டாய் வாசம் லேசா வருது. ஆனா மூக்கை வச்சு ஒருத்தரைத் தூக்குல போட முடியாது” என்றார். திராட்சைத் தோலிலிருந்துதான் ஒயினுக்கு நிறம் வருகிறது. ஷிராஸ் தோலில் கிட்டத்தட்ட இல்லாத ஒரு நிறப்பொருள் நீலத் திராட்சைத் தோலில் நிறைய உண்டு. மிஷினில் விட்டால் அது தனியாகப் பிரிந்து நிற்கும் என்று சொன்னார். “மத்தாப்பைக் கொளுத்துனாத்தான் பச்சையா சிவப்பான்னு தெரியும். இது கொளுத்தாமலே சொல்லிரும்.”

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தெம்பு வந்தால் எனக்குப் புத்தி போய்விடும். “நம்ம ஆளு மதினி. கொஞ்சம் பாத்து எழுதுங்களேன்” என்றேன்.

“பாத்து எழுதத்தான் எனக்குச் சம்பளம். பாக்காம எழுதணும்னா உங்க அண்ணனே போதுமே” என்றார். அண்ணன் வெற்றிலையை மென்றுகொண்டே தலையாட்டினார். அதற்குப் பிறகு மதினி சொன்னதைக் கேலியில்லாமல் சொன்னார். “நான் இன்னைக்கு உங்களுக்காக ஒரு பொய் எழுதினா, அடுத்த வருசம் அவரு சுத்தமாப் போட்டாலும் எவன் நம்புவான்? அவரை வரச் சொல்லுங்க. நாலு தொட்டியிலயும் தனித்தனியா எடுத்துட்டு வரட்டும். எல்லாத்தையும் ஒண்ணா ஊத்திக் கொண்டாந்துறாம.”

சோதனை என்றால் குற்றவாளியைப் பிடிக்க வருவது என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். யோக்கியனுக்கும் சாட்சி வேண்டியிருக்கிறது என்பதும், வாயில்லாத அந்த மிஷின் அந்தச் சாட்சியாக இருக்க முடியும் என்பதும் எனக்குத் தோன்றியதே இல்லை. அண்ணாச்சி உள்ளூர யோக்கியரா என்று தெரியாமல் நான் பட்ட பாடு வேறு. அவரும் பயந்துதான் மதுரைக்கு வந்தார். நான்கு குப்பிகளையும் நான்கு கைக்குழந்தைகளைப் போல மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்து இறங்கினார்.

முடிவு வந்த அன்று அவரும் நானும் சோதனைக் கூடத்து வராந்தாவில் இருந்தோம். மதினி வெளியே வந்து நின்றுகொண்டே சொன்னார். “மூணு தொட்டி சுத்தம். ஷிராஸ் தவிர வேற எதுவும் தெரியல. நாலாவதுல நீலத் திராட்சை கலந்திருக்கு அண்ணாச்சி. சந்தேகம் இல்ல.”

அண்ணாச்சி முகம் செத்துப்போனது. “சத்தியமா நான் கலக்கலம்மா.”

“நீங்க கலந்தீகன்னு நான் சொல்லலையே. கலந்திருக்குன்னுதான் சொல்லுதேன். கடைசித் தொட்டிக்குப் பழம் எப்படி வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.”

அவர் யோசித்தார். அறுவடையின் கடைசி நாள் மழை மேகம் கூடியிருந்தது. ஆள் போதவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் தங்கள் பழக் கிரேட்டுகளோடேயே வந்தார்கள். பக்கத்துத் தோட்டம் முழுக்க நீலத் திராட்சை. பாதி நிரம்பிய கிரேட்டுகளின் மேலேயே இவருடைய பழத்தையும் பறித்துப் போட்டிருக்கிறார்கள். அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புத்தான். ஹோட்டல்காரர்களுக்கும் எனக்கும் அனுப்பிய பாட்டில்களும் அந்தத் தொட்டிச் சரக்குதான். அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு, யாரும் சொல்லாமலேயே, எங்கள் முன்னாலேயே ஹோட்டல்காரர்களுக்குப் போன் போட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார். “நாலாவதை உங்களுக்குத் தர மாட்டேன். மூணுக்கு ரிப்போர்ட் இருக்கு” என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் தோள் மட்டும் இறங்கியது, சுமை இறக்கியவன் தோள் மாதிரி.

ஹோட்டல்காரர்கள் மூன்று தொட்டிச் சரக்கையும் வாங்கிக்கொண்டார்கள். நான்காவது தொட்டிக்கு இரண்டு திராட்சையின் பெயரையும் போட்டு வேறு லேபிள் அச்சடித்துக் கொடுத்தேன், அதுவும் விற்றது. தோட்டம் இன்னும் அண்ணாச்சியிடம்தான் இருக்கிறது. என்னைப் பிடிக்க யாரும் வரவில்லை.