பக்கிரிசாமி விழித்திருந்த ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் பக்கிரிசாமி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே கருவாடு வறுத்தால் இங்கே வாசம் வரும். பலகையில் ஓர் இடுக்கும் உண்டு; பொய் சொல்வானேன், நான் பார்ப்பேன்.

அவனுக்கு எஞ்சின் கொட்டகையில் இரவு வேலை. விடிந்தபின் கரியும் எண்ணெயுமாக வருவான், குளிப்பான், சாப்பிட்டுப் படுத்தானென்றால் சாயங்காலம்தான் எழுவான். எழுந்ததும் மறுபடி வேலைக்கு ஓட்டம். மூன்று வருஷமாக இதே கதை. மகள் தங்கமணிக்கு இரண்டரை வயது. ஒருநாள்கூடப் பிள்ளை தன் மடியில் உட்கார்ந்ததில்லை என்று என்னிடம் ஒருமுறை சொன்னான். சொல்லும்போது சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் தங்கைக்குக் காய்ச்சல் என்று அவன் மனைவி மாரியாயி காலை ரயிலுக்குக் கிளம்பினாள். காய்ச்சல் வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோக முடியுமா?

"புள்ளைய இராஜம்மாக்காகிட்ட விட்டுட்டுப் போறேன்" என்று என் பெயரைச் சொன்னாள்.

"நேத்து ராத்திரி லீவு போட்டு நல்லாத் தூங்கி எந்திரிச்சிருக்கேன்ல? எம் புள்ளைய நான் பாத்துக்க மாட்டேனா?" என்று அவளை அனுப்பிவிட்டான்.

அவள் தலை மறைந்ததும் தங்கமணி அரிசிப் பானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவன் பாசார் சந்தையில் வாங்கிவைத்திருந்த பிஸ்கட்டை நீட்டினான். எஞ்சின் மாதிரிக் கூவினான். துண்டைத் தலையில் கட்டி ஆடினான். தலைகீழாக நின்றும் பிள்ளை அசையவில்லை. அவன் சத்தமாக விளையாட விளையாட, அவள் சுவரோடு ஒட்டினாள். கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது, வாயிலிருந்து சின்னச் சத்தம்கூட வரவில்லை. எந்தப் பிள்ளையும் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை.

மத்தியானம் கஞ்சித் தட்டோடு என் வாசலுக்கு வந்தான். "காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கலக்கா. நான் ஒருநாள் அடிச்சிருப்பேனா, அதட்டியிருப்பேனா? என்னையப் பாத்து ஏன் இப்படி நடுங்குது?"

எனக்கு எரிச்சலாக வந்தது, அவன்மேல் அல்ல. கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டிய கதைதான் எங்களுடையது. மறைக்க மனம் வரவில்லை.

"தம்பி, நீ பகல்ல தூங்கணுமே. அதுக்காகச் சொல்லிச் சொல்லி வச்சிருக்கோம். சத்தம் போட்டா அப்பா எந்திரிச்சிருவாருன்னு. அழுதாலும் அதான், திங்காட்டியும் அதான். மாரியாயி மட்டுமில்ல, நானும் சொல்லியிருக்கேன்."

"அப்ப எம் வீட்டுக்கு நான்தான் பூச்சாண்டியா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றவன் மெதுவாகக் கேட்டான்: "நான் தூங்குறப்ப?"

"தூங்குறப்ப உன்னச் சுத்தித்தானே வெளையாடும்! உன் காதப் புடிச்சுக்கிட்டுத்தான் அதுவே தூங்கும். உனக்கெங்க தெரியப்போவுது?"

உள்ளே போனான். தட்டைக் கீழே வைத்தான், பாயை விரித்தான், ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். நான் இடுக்குக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பானைக்குப் பின்னாலிருந்து தங்கமணி வந்தாள். முகத்தை எட்டிப் பார்த்தாள். போர்வையை இழுத்து அவன் காலில் போட்டாள். அவன் வயிற்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, சொந்த வீட்டுத் தூணில் சாய்ந்தவள் மாதிரி, கஞ்சியை அள்ளி அள்ளித் தின்றாள். கையை அவன் சட்டையிலேயே துடைத்தாள். பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்து விளையாடினாள்.

அவனுக்குத் தாங்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது, வாய்விட்டு விம்மினான், கண் திறந்துவிட்டது. போச்சு, பிள்ளை ஓடப்போகிறது என்று நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

ஓடவில்லை. கஞ்சிக் கையால் அவன் வாயைப் பொத்தினாள். அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, அவன் காதில் ரகசியமாகச் சொன்னாள்:

"அழுவாத. அப்பா எந்திரிச்சிருவாரு."

அவனும் ரகசியமாகவே, "சரி ஆத்தா, அழுவல" என்றான். நான்தான் இந்தப் பக்கம் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் மாரியாயி வந்ததும் அவளிடம் சொன்னான்: "நாளையிலேர்ந்து புள்ள கத்தட்டும். யாரும் அடக்காதீங்க."

"அப்ப நீங்க எப்பத் தூங்குறது?"

"தூக்கம் வர்றப்ப வரட்டும்."

திங்கட்கிழமை பகலெல்லாம் அந்த வீட்டில் சட்டிமூடி உருண்டது. மாலையில் வேலைக்குக் கிளம்பினவனுக்குக் கண் இரண்டும் மிளகாயாய்ச் சிவந்திருந்தன. "தூங்கினியா தம்பி?" என்று கேட்டேன்.

"எங்கக்கா! உங்க தங்கமணி விட்டாத்தானே?" என்று மகளைக் குறை சொன்னான். அவ்வளவு சந்தோஷமாக ஒருவன் குறை சொல்லி நான் கேட்டதில்லை.