பின்னால் போன கியர் சைக்கிள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதுவதென்றால் ஓரிடத்தில் உட்கார வேண்டும். அது எனக்கு வராது. பத்தாம் வகுப்பில் என்னை உட்கார வைக்கப் பார்த்துக் கணக்கு வாத்தியார் தோற்றுப்போனதும், பள்ளிக்கூடமும் நானும் மரியாதையாகப் பிரிந்துவிட்டோம். ஆனால் போன வாரம் என் கூட்டாளி வாட்ஸ்அப்பில் ஒரு பழைய போட்டோ அனுப்பினான். சைக்கிள் மேல் நாக்கைக் கடித்துக்கொண்டு அவன். பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நான். என் வாயின் அழகைப் பார்த்ததும் என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடலாம் என்று தோன்றிவிட்டது.

அப்போது எங்களுக்குப் பன்னிரண்டு வயது. தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் கடலோரமாக எங்கள் குப்பம். கடைத்தெருவைத் தாண்டி அவன் வீடு. அவன் அத்தா, அதாவது அப்பா, வளைகுடாவில் இருந்தார். என்ன வேலை என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் "கம்பெனில" என்பார்கள். எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு போன எல்லோருமே கம்பெனியில்தான் இருந்தார்கள். நானாக அவரை ஒரு ஏசி அறையில் சுழல் நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். மூன்று வருடம் கழித்து லீவில் வந்தவர், மகனுக்கு ஒரு கியர் சைக்கிள் கொண்டுவந்தார். அட்டைப் பெட்டியில் பாகம் பாகமாக வந்ததை, நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அவரே பூட்டி நிறுத்திவிட்டார். கம்பெனிக்காரர் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தோரு கியர். மலை ஏறுவதற்கென்றே செய்த சைக்கிளாம். இந்தப் பக்கம் குத்தாலம் (அருவி விழும் குற்றாலம் அல்ல) வரை போனாலும் வயல், அந்தப் பக்கம் சீர்காழி வரை போனாலும் வயல். எங்களுக்கு வாய்த்த ஒரே மலை வாய்க்கால் பாலம். அதைக் கடப்பதற்குள் இருபத்தோரு கியரையும் மாற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று என் கூட்டாளி பட்ட பாடு கொஞ்சமல்ல.

பொங்கல் விளையாட்டில் வேக சைக்கிள் போட்டிக்கு அவன் பெயர் கொடுத்திருந்தான். போட்டிக்கு மறுநாள் அத்தாவுக்கு விமானம். "இவன் போட்டில ஓட்டுறத ஒரு தடவ பாத்துட்டா போதும்ப்பா, நிம்மதியா ஏறிடுவேன்" என்று அவர் என்னிடமே சொல்லியிருந்தார்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். தினமும் சாயங்காலம் "ஒரே ஒரு ரவுண்டு" என்று அந்தச் சைக்கிளை வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். அலை வந்து திரும்பும் இடத்தில் வேகமாக ஓட்டினால் தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறியடிக்கும். பத்து நாள் விசிறியடித்தேன். போட்டிக்கு முதல் நாள் லீவு என்று காலையிலேயே எடுத்துப் போனேன்; பின்சக்கரத்துக்குள் "கிளுக்" என்று ஒரு சத்தம். மிதித்தேன். பெடல் சுற்றியது, சங்கிலி சுற்றியது, பின்னால் பல்சக்கரங்கள் எல்லாம் சுற்றின. சைக்கிள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

கூட்டாளி அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அத்தாட்ட என்னடா சொல்றது?" என்று மட்டும் கேட்டான்.

சைக்கிள் கடைக்காரர் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

"சக்கரத்து நடுவுல இந்த ஹப்புக்குள்ள ரெண்டு நாக்கு இருக்கும் தம்பி. மிதிச்சா கவ்வும், விட்டா விட்டுடும். அது உப்புத்தண்ணி பட்டுத் துருப்புடிச்சுப் படுத்துடுச்சு. நம்ம சாதா சைக்கிளா இருந்தா இப்பவே மாத்திடுவேன். இந்த ஹப்பு மெட்ராஸ்லேந்துதான் வரணும்."

"நாளைக்கு வருமாண்ணே?"

"நாளைக்குப் பொங்கல்தான் வரும்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். என் சித்தப்பா வலைக்குள் உட்கார்ந்து கிழிசல் கட்டிக்கொண்டிருந்தார். கிழிந்தது எதுவானாலும் கட்டிவிடலாம் என்பது அவர் கொள்கை. ஒருமுறை என் செருப்பையே வலை போல் பின்னிக் கொடுத்து, தெருவே என்னைப் பார்த்துச் சிரிப்பாய்ச் சிரித்திருக்கிறது. சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பல்லு தனியா சுத்துது, சக்கரம் தனியா நிக்குது. அவ்வளவுதான? ரெண்டையும் சேத்துக் கட்டிப்புட்டா எங்க போகும்?"

வலை ஊசியில் நீல நூலைக் கோத்தார். பெரிய பல்சக்கரத்தில் இருந்த ஓட்டைகளுக்கும் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளுக்கும் நடுவே நூலை விட்டு விட்டு எடுத்து, சுறா வந்து இழுத்தாலும் அவிழாத முடிச்சாகப் போட்டார். சங்கிலியைத் தள்ளிக் கியர் மாற்றும் இரும்புக் கை பின்சக்கரத்தடியில் இடைஞ்சலாக இருந்தது. ஆணியும் சுத்தியலுமாகச் சங்கிலியைச் சுருக்கி, அந்தக் கையில் படாமல் நேராக மாட்டினார். இருபத்தோரு கியரில் ஒன்று மிஞ்சியது. கையை மட்டும் பார்வைக்காக அப்படியே தொங்க விட்டோம்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க" என்றார் சித்தப்பா. "மிதிக்கிறத நிறுத்தாத. நீ நிறுத்துனா அது ஒன்ன மிதிக்கும்."

கூட்டாளி ஏறி நாலு மிதி மிதித்தான். பழக்கதோஷத்தில் காலை நிறுத்தினான். பெடல் நிற்கவில்லை, அவனைத் தூக்கி வலைக் குவியலில் எறிந்தது. இரண்டாவது தடவையும் அதே குவியல். "நெத்திலி கூட ஒரு தடவதான்டா மாட்டும்" என்றேன். மண்ணை வாரி என் மேல் அடித்தான். சிரித்துவிட்டான் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

மறுநாள் மைதானத்தில், அவனுக்குத் தெரியாமல் பி.டி. சாரிடம் போய் வேகப் போட்டியில் இருந்த அவன் பெயரை மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டிக்கு மாற்றிவிட்டேன். அதில் கடைசியாக வருபவன்தான் ஜெயித்தவன். கால் தரையில் பட்டால் வெளியே. "ஏன்டா இப்புடிப் பண்ணுன?" என்றான். "மெதுவா விழுந்தா வலிக்காதுல்ல" என்றேன். உண்மையிலேயே அவ்வளவுதான் யோசித்திருந்தேன்.

பி.டி. சார் விசில் ஊதினார். எல்லோரும் தள்ளாடினார்கள். ஒருவன் சாய்ந்தான், இருவர் மோதிக்கொண்டார்கள். என் கூட்டாளி கொஞ்சம் வேகமாகப் போய்விட்டதாக எனக்குப் பட்டது. அவன் பயந்துபோய் பெடலைப் பின்பக்கம் அழுத்தினான். நூலில் கட்டிய சக்கரம் அவன் சொன்னதைக் கேட்டது. சைக்கிள் நின்றது; பிறகு மெல்ல ஒரு முழம் பின்னால் வந்தது. மறுபடி முன்னால். மறுபடி பின்னால். தூளி போல அதே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தான்.

"சார், அவன் பின்னாடி போறான் சார்!" என்று பக்கத்துக் கோட்டுக்காரன் கத்தினான்.

"சைக்கிள் எப்புடிடா பின்னாடி போகும்? ஒன் கோட்டப் பாத்து ஓட்டு!"

அந்த அவசரத்தில் கத்தியவன் காலை ஊன்றிவிட்டான். பின்னால் போகக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. எந்தச் சைக்கிளும் அதுவரை போனதில்லை. மைக்கில், "இதுதான் கியர் சைக்கிளின் மகிமை!" என்றார்கள். பரிசாக ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அவன் அத்தா செல்போனில் படம் எடுத்தபடியே கோட்டைத் தாண்டி ஓடிவந்து மகனை அப்படியே தூக்கிவிட்டார்.

பிறகு சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினார். நீல நூலை ஒரு விரலால் சுண்டினார். அவர் மேல் அத்தர் மணத்தது. நகத்துக்கு அடியில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு. எத்தனை நாள் கழுவியும் போகாத மாதிரி. கம்பெனி பேனா கசிந்திருக்கும் என்று நினைத்தேன்.

"இது என்னப்பா?"

கூட்டாளி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன், வந்ததைச் சொன்னேன்.

"அலங்காரம் மாமா. பொங்கலுக்கு மாட்டுக் கொம்புல கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி."

தொங்கிக்கொண்டிருந்த கியர் கையை ஒருமுறை பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார்.

"யாரு கட்டுனது?"

"எங்க சித்தப்பா."

"நல்ல கைப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து என் தலையைத் தடவினார். மறுநாள் விமானம் ஏறும்போது அந்த டிபன் பாக்ஸைத் தன் பெட்டியிலேயே வைத்து எடுத்துப் போனாராம். நாங்கள் தப்பித்துவிட்டோம் என்று ஒரு பொரி உருண்டையை ஆளுக்குப் பாதியாகத் தின்று கொண்டாடினோம்.

நாலைந்து மாதம் கூட்டாளி நிறுத்தாமல் மிதித்துக்கொண்டே ஊரைச் சுற்றினான். நூல் தேய்ந்தபோதெல்லாம் சித்தப்பா புதிதாகக் கட்டினார். அப்புறம் லீவில் வந்த யாரோ ஒருவரிடம் அத்தா கொடுத்தனுப்பிய பார்சல் வந்தது. பேரீச்சம்பழம், சோப்பு, தலைவலித் தைலம். அடியில் ஒரு துண்டில் சுற்றி, எண்ணெய் மினுங்க, புத்தம் புதிய பின்சக்கர ஹப்பு. அச்சாக அதே அளவு. நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. காருக்கு ஸ்டெப்னி தருகிற மாதிரி கியர் சைக்கிளுக்கு ஹப்பு ஒன்று இனாமாகத் தருவார்கள் போல என்று முடிவுகட்டி, கடைக்காரரிடம் கொடுத்து மாட்டிக்கொண்டோம். மாட்டியதும் சைக்கிள் பின்னால் போவதை நிறுத்திவிட்டது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது கூட்டாளியும் வளைகுடாவில்தான் இருக்கிறான், அவனும் கம்பெனியில்தான். இதுவரை எழுதியதை அவனுக்கே அனுப்பி, "ஏன்டா, ஹப்பு போனது ஒங்க அத்தாவுக்கு அங்க இருந்து எப்புடிடா தெரிஞ்சிச்சு?" என்று கேட்டிருந்தேன்.

இப்போதுதான் பதில் வந்தது: "அத்தா இருந்த கம்பெனியே சைக்கிள் ரிப்பேர் கடதான்டா, அலங்காரம்!"